திருவாதிரையின் ஒளியும் அண்டத்தின் அகவையும்

மார்கழித் திருவாதிரைத் திருநாளின் முன்னிரவில் கிழக்கு வானை நோக்கும் அன்பர்கள், நிறைமதியின் அண்மையில் செந்நிறமுடைய விண்மீன் ஒன்று மேலெழுவதைக் காணலாம். அதுவே திருவாதிரை. வடமொழியில் ஆருத்திரா எனப்படும். மேலை நாட்டு வானநூலார் பெட்டல்ஜூஸ் என்பர். நள்ளிரவில் ஏறத்தாழ உச்சிவானுக்கு வரும் அவ்விண்மீன், ஆடவல்லானுக்குத் திருமுழுக்கு நிகழும் வைகறைப் பொழுதில் மேற்கே தாழ்ந்து நிற்கும்.

ஆருத்திரா தரிசனம் கண்டு கோபுர வாயிலைக் கடக்கும் அன்பர் ஒருவர் அண்ணாந்து நோக்கும்போது சில ஐயங்கள் எழுதல் இயல்பு. அவ்விண்மீன் எத்துணைத் தொலைவில் உள்ளது? அதன் ஒளி எப்போது புறப்பட்டது? அண்டத்தின் அகவை 1,380 கோடி ஆண்டுகள் என்று கூறும் அறிஞர்களே, காணக்கூடிய அண்டத்தின் எல்லை 4,600 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளது என்றும் கூறுகின்றனரே, இவ்விரண்டும் எங்ஙனம் பொருந்தும்? சங்கல்பத்தில் அருச்சகர் எடுத்தோதும் கல்பக் கணக்கு இவற்றோடு எவ்வாறு நிற்கும்?

இவை தனித்தனி வினாக்கள் போலத் தோன்றினும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. அண்டத்தின் அகவை என்பது எவரும் நாட்காட்டியில் எண்ணிக் கண்ட எண் அன்று; தொலைவை அளந்து, அதிலிருந்து கணித்துப் பெற்ற எண். தொலைவு பிழைத்தால் அகவையும் பிழைக்கும். அங்ஙனம் ஒருமுறை பிழைத்தே இருந்தது. அவ்வரலாற்றைப் பின்னர்க் காணலாம்.

ஒளியின் நடை

ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். மிக விரைவான நடைதான். எனினும் அதற்கும் அளவு உண்டு என்பதை முதன்முதலில் காட்டியவர் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த ஓலே ரோமர் என்பவராவார். பாரிசு நகர வான்காணகத்தில் அவர் பணியாற்றியபோது, வியாழக் கோளைச் சுற்றிவரும் அயோ என்னும் துணைக்கோள் கிரகணத்துள் புகுவதும் வெளிவருவதும் குறித்த நேரத்தில் நிகழவில்லை என்பது தெரிந்தது. பூமி வியாழனுக்கு அண்மையில் இருக்கும்போது முந்தியும், விலகிச் செல்லச் செல்லப் பிந்தியும் கிரகணங்கள் தோன்றின. துணைக்கோளின் ஓட்டத்தில் குறையில்லை. அச்செய்தியைச் சுமந்து வரும் ஒளிக்கு வழிநடை கூடுகிறது என்று ரோமர் 1676ஆம் ஆண்டு அறிவித்தார்.

நிலவின் ஒளி பூமியை அடைய ஒன்றேகால் நொடிக்குச் சற்று மேலாகிறது. காலையில் ஆற்றில் நின்று நீர் விடும் அன்பரின் கைகளில் விழும் கதிரொளி, ஞாயிற்றின் மேற்பரப்பை விட்டுப் புறப்பட்டு 8 நிமிடமும் 19 நொடியும் ஆகியிருக்கும். விண்மீன்களுக்கு நிமிடக் கணக்குப் போதாது. ஒளி ஓராண்டு முழுதும் சென்று கடக்கும் தூரமே ஓர் ஒளியாண்டு; அது 9 லட்சத்து 46 ஆயிரம் கோடி கிலோமீட்டர். ஆண்டு என்னும் சொல் இருத்தலால் ஒளியாண்டைக் காலம் என்று கொள்வாரும் உளர். அது தூரத்தின் பெயரே.

பிறந்த நாள்மீன்களைக் கொண்டே இதனை எளிதில் உணரலாம். திருவோணம் ஏறத்தாழ 17 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. பள்ளி இறுதி வகுப்பில் பயிலும் பிள்ளை இன்று காணும் திருவோணத்தின் ஒளி, அப்பிள்ளை பிறந்த காலத்தில் அங்கிருந்து புறப்பட்டதாகும். சுவாதி 37 ஒளியாண்டு. உரோகிணி 65 ஒளியாண்டு. திருக்கடவூரில் அறுபதாம் அகவை நிறைவு காணும் ஒருவர் கண்களில் படும் உரோகிணியின் ஒளி, அவர் பிறப்பதற்கு ஐந்தாண்டு முன்னரே பயணம் தொடங்கிவிட்டது. மகம் 79 ஒளியாண்டு. சதாபிடேகம் காணும் பெரியவருக்கும் மகத்தின் ஒளிக்கும் ஏறத்தாழ ஒரே அகவை. சித்திரை 250 ஒளியாண்டு. கார்த்திகைப் பெண்டிர் அறுவராகப் போற்றப்படும் மீன்கூட்டம் 440 ஒளியாண்டுக்கும் சற்று மேல்.

திருவாதிரைக்கு மட்டும் இவ்வாறு ஓர் எண்ணை உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

அளக்க இடந்தராத விண்மீன்

விண்மீனின் தொலைவை அளக்கும் அடிப்படை முறை எவரும் செய்து பார்க்கக்கூடியதே. சுட்டுவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தால், எதிரேயுள்ள தூணின்மீது விரல் இடம்பெயர்வது போலத் தோன்றும். விரல் அண்மையில் இருந்தால் பெயர்ச்சி மிகும். கையை நீட்டினால் குறையும். பூமி ஞாயிற்றைச் சுற்றிவருதலால் தை மாதத்தில் அது நிற்கும் இடத்துக்கும் ஆடி மாதத்தில் நிற்கும் இடத்துக்கும் இடையே ஏறத்தாழ 30 கோடி கிலோமீட்டர் இடைவெளி உண்டு. அவ்விரண்டு இடங்களும் இரு கண்கள், விண்மீனே விரல். இம்முறையால் 1838ஆம் ஆண்டு செருமானிய அறிஞர் பெசல் என்பார் அன்னத் தொகுதியிலுள்ள மங்கலான மீன் ஒன்றின் தொலைவை அளந்தார். அவர் கண்ட பெயர்ச்சி ஒரு பாகையை 3,600 கூறிட்டு, அவற்றுள் ஒரு கூற்றின் மூன்றில் ஒரு பங்கு. கண்ணாடி வில்லையும் கைத்திறனும் மட்டுமே துணையாக இருந்த அக்காலத்தில் இஃது அருஞ்செயல் என்பதில் ஐயமில்லை.

திருவாதிரை இம்முறைக்கு எளிதில் அகப்படாமைக்குக் காரணம் அதன் பருமனே. ஞாயிறு இருக்குமிடத்தில் அதனை வைத்தால் பூமியின் பாதையையும் செவ்வாயின் பாதையையும் அது விழுங்கிவிடும். எனவே வானில் அதன் வட்டின் அகலம், அளக்கவேண்டிய பெயர்ச்சியைக் காட்டிலும் சில மடங்கு பெரிதாக உள்ளது. அவ்வட்டும் அமைதியாக இருப்பதன்று. கொதிக்கும் பாகைப் போல் அதன் மேற்பரப்பு பொங்கித் தாழ்தலால் ஒளியின் நடுப்புள்ளி இடம்மாறிக்கொண்டே இருக்கும். தொலைவுக்கான பெயர்ச்சி எது, பொங்குதலால் வந்த பெயர்ச்சி எது என்று பிரித்தறிவதே சிக்கல். 1997இல் வெளிவந்த இப்பார்க்கசு விண்கலப் பட்டியலின்படி அது ஏறத்தாழ 430 ஒளியாண்டு. 2008இல் வானொலி அலைகளின் துணைகொண்டு செய்த ஆய்வின்படி 640. 2020இல் வெளிவந்த ஆய்வின்படி 550 அளவில். நூறுகோடிக் கணக்கான விண்மீன்களை அளந்த கயா விண்கலத்துக்கும் திருவாதிரை கண்கூசும் பேரொளியாகிவிட்டது.

550 ஒளியாண்டு என்றே கொள்வோர்க்கு இன்னொரு செய்தி வியப்பளிக்கும். 2019ஆம் ஆண்டின் இறுதியில் திருவாதிரை திடீரென மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் தன் வழக்கமான ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காய்க் குறைந்தது. அது வெடித்துச் சிதறப்போகிறதோ என்று உலகமெங்கும் பேச்செழுந்தது. சில திங்களில் பழைய ஒளியைப் பெற்றது. விண்மீன் உமிழ்ந்த வளிமம் குளிர்ந்து தூசுப் படலமாகி முகத்தை மறைத்ததே காரணம் எனப் பின்னர் ஆய்ந்து தெளிந்தனர். அத்தூசு 2019இல் எழுந்ததன்று. விசயநகர வேந்தர் ஆண்ட காலத்தில், 1470ஆம் ஆண்டை ஒட்டி எழுந்தது. அதன் செய்திதான் 2019இல் வந்து சேர்ந்தது. திருவாதிரை ஒருநாள் வெடிக்கும் என்பது உறுதி; ஆயினும் அந்நாள் வர ஒரு லட்சம் ஆண்டுகளும் ஆகலாம். அஃது இன்றிரவே வெடிப்பினும், இன்னும் பல நூற்றாண்டுகளுக்கு மார்கழி வைகறையில் அந்தச் செவ்வொளி மாறாமல் தோன்றிக்கொண்டிருக்கும்.

தாயினும் மூத்த மகள்

அண்மை விண்மீன்களின் தொலைவை அறிய இடப்பெயர்ச்சி போதும். அதற்கப்பால் உள்ளவற்றுக்கு வேறு வழி வேண்டும். அவ்வழியைத் திறந்தவர் அமெரிக்காவின் ஆர்வர்டு வான்காணகத்தில் ஒளிப்படத் தகடுகளை ஆராயும் பணியில் இருந்த என்றியேட்டா இலீவிட் என்னும் அம்மையார். செபீடு எனப்படும் சில விண்மீன்கள் சீராக ஒளி கூடியும் குறைந்தும் துடிக்கும். துடிப்பு மெதுவாக இருக்கும் மீன் இயல்பில் பேரொளி உடையது என்று 1912இல் அவர் நிறுவினார். துடிப்பை எண்ணினால் விளக்கின் உண்மையான ஒளியளவு தெரிந்துவிடும். கண்ணுக்கு எவ்வளவு மங்கலாகத் தோன்றுகிறது என்பதைக்கொண்டு அது எத்துணை விலகி நிற்கிறது என்று கணிக்கலாம். தூரம் இருமடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும் என்னும் விதி முன்னரே அறிந்ததுதான்.

எட்வின் அபிள் என்பார் 1923இல் ஆந்திரமேடா என்னும் மேகம் போன்ற ஒளித்திட்டில் அத்தகைய செபீடு ஒன்றைக் கண்டார். அத்திட்டு ஏறத்தாழ 9 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் உள்ளது, அது வேறொரு விண்மீன் பேரூர் என்று கணித்தார். இன்றைய அளவு 25 லட்சம் ஒளியாண்டு. அபிளின் எண் மிகக் குறைவு என்பதை மனத்தில் கொள்ளவேண்டும்.

1929இல் அவர் வேறொன்றையும் வெளியிட்டார். விண்மீன் பேரூர்கள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன; தொலைவில் உள்ளது அதற்கேற்ப விரைவாக விலகுகிறது. இதே முடிவைப் பெல்சியம் நாட்டுக் கிறித்தவப் பாதிரியாரும் கணித அறிஞருமான இலமைத்தர் என்பார் 1927இலேயே எழுதியிருந்தார்; அது பலர் கண்ணில் படவில்லை. அக்குறையை நேர்செய்வதுபோல் இவ்விதிக்கு அபிள்–இலமைத்தர் விதி எனப் பெயரிடுமாறு பன்னாட்டு வானியல் கழகம் 2018இல் பரிந்துரைத்தது.

விலகும் வேகம் தெரிந்தால் தொடக்க காலத்தைக் கணிக்கலாம். ஊரைவிட்டுப் புறப்பட்ட பேருந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்று 120 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் அது புறப்பட்டு இரண்டு மணி நேரம் ஆயிற்று என்பது தெளிவு. அபிளின் எண்களை இவ்வாறு பின்னோக்கிக் கணித்தபோது அண்டத்தின் அகவை ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள் என்று வந்தது.

இங்கேதான் இடர்ப்பாடு தோன்றியது. பாறைகளிலுள்ள கதிரியக்கப் பொருள்களைக் கொண்டு பூமியின் அகவையைக் கணித்த ஆர்தர் ஓம்சு என்னும் நிலநூல் அறிஞர், 1940களில் அது 300 கோடி ஆண்டுகள் அளவில் இருக்கும் என்றார். அண்டத்துக்கு 200 கோடி. அதனுள் தோன்றிய பூமிக்கு 300 கோடி. தாயினும் மகள் மூத்தவளாதல் கூடுமோ? பாறைக் கணக்குப் பிழையென்று சிலரும், விரிவுக் கொள்கையே பிழையென்று சிலரும் வாதிட்டனர்.

இவ்விடத்தில் சங்கல்பக் கணக்கை நினைவுகூர்தல் தகும். திருக்கோயில்களிலும் இல்லங்களிலும் வழிபாட்டின் தொடக்கத்தில், சுவேதவராக கல்பத்தில், வைவசுவத மன்வந்தரத்தில், இருபத்தெட்டாம் சதுர்யுகத்தின் கலியுகத்தில் என்று காலம் குறிக்கப்படுகிறது. ஒரு கல்பம் 432 கோடி ஆண்டுகள். அதில் கடந்து சென்ற காலத்தைச் சூரிய சித்தாந்தம் முதலிய நூல்களின் யுக அளவுகளைக்கொண்டு கூட்டினால் ஏறத்தாழ 197 கோடி ஆண்டுகள் வரும். 1930களில் இதனை அறிந்த ஒருவர், அபிளின் 200 கோடியும் சங்கல்பத்தின் 197 கோடியும் ஒன்றென்றே சொல்லி மகிழ்ந்திருப்பார். மகிழ்ச்சி 1952 வரையே நீடித்திருக்கும்.

அவ்வாண்டு உரோமாபுரியில் கூடிய வானியல் மாநாட்டில் வால்டர் பாடே என்பவர் எழுந்து, ஆந்திரமேடாவின் தொலைவு இதுவரை கொண்டதைப் போல் இருமடங்கு என்று அறிவித்தார். அவர் செருமானியர், அமெரிக்காவின் வில்சன் மலை வான்காணகத்தில் பணியாற்றியவர். இரண்டாம் உலகப் போரின்போது பகைநாட்டுக் குடிமகன் என்பதால் போர்சார்ந்த ஆய்வுப் பணிகளில் அவர் சேர்க்கப்படவில்லை. உடனிருந்தோர் பலர் அப்பணிக்குச் சென்றுவிட்டனர். 100 அங்குலப் பெருந்தொலைநோக்கி அவருக்கு நெடுநேரம் கிடைத்தது. மலையடிவாரத்து இலாசு ஏஞ்சல்சு நகரமோ வான்தாக்குதலுக்கு அஞ்சி விளக்குகளை மறைத்திருந்தது. அந்த இருளில் ஆந்திரமேடாவின் நடுப்பகுதி விண்மீன்களை முதன்முதலாகத் தனித்தனியே பிரித்துக் கண்ட பாடே, விண்மீன்களில் இரு குலங்கள் உள என்று 1944இல் எழுதினார். பின்னர்ப் பலோமார் மலையில் 200 அங்குலத் தொலைநோக்கி அமைந்தது. ஆந்திரமேடா பழைய கணக்கின்படியே அண்மையில் இருந்தால் அதில் தோன்றியே தீரவேண்டிய ஒருவகைத் துடிப்பு மீன்கள் அங்கே தோன்றவில்லை. ஆகவே அஃது இன்னும் தொலைவில் இருத்தல் வேண்டும். செபீடுகளிலும் இரு குலம் உண்டு. ஒரு குலத்தின் ஒளியளவை மற்றதற்கு ஏற்றிக் கணித்ததே பழைய பிழை.

தூரம் இருமடங்கானதும் அகவையும் இருமடங்காயிற்று. பேருந்தின் வேகம் மாறவில்லை. சென்ற தூரத்தைத்தான் குறைத்து அளந்திருந்தனர். பாறைக் கணக்கோ கூடியதேயன்றிக் குறையவில்லை. 1956இல் கிளேர் பாட்டர்சன் என்பவர் பூமியின் அகவை 455 கோடி ஆண்டுகள் என்று நிறுவினார். அதன்பின் அண்டத்தின் அளவும் திருத்தந்தோறும் மேலே சென்றது. ஆயிரம் கோடியா, இரண்டாயிரம் கோடியா என்ற பூசல் 1990கள் வரை ஓயவில்லை. 2003இல் டபிள்யூமேப் விண்கலம் 1,370 கோடி என்றது. 2013இல் பிளாங்க் விண்கலம் 1,380 கோடி என்றது. இதில் ஐயத்துக்குரிய பகுதி சில கோடி ஆண்டுகளே.

455 கோடியைக் கண்டதும் 432 கோடியோடு அதனைப் பொருத்திப் பார்க்கும் ஆவல் சிலர்க்கு எழக்கூடும். 197ஐ 200ஓடு பொருத்தியிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதை எண்ணி அவ்வாவலை அடக்கிக்கொள்ளுதலே நன்று. சங்கல்பம் பாறையை அளந்து எழுந்த கூற்று அன்று. இன்னாருடைய குலத்தில் வந்த இன்னார், இந்த ஊரில், இந்த நாளில், இறைவன் திருமுன் நிற்கிறார் என்று எல்லையற்ற காலவெளியில் ஒருவரின் இடத்தைக் குறிக்கும் கூற்று அது. வானநூலார் எண் அடுத்த ஆய்வில் மாறக்கூடியது. மாறுவதே அதற்கு அழகு.

நீளும் பிரகாரம்

இனி 1,380 கோடிக்கும் 4,600 கோடிக்கும் உள்ள முரணைக் காணலாம்.

இராமேசுவரத்து மூன்றாம் பிரகாரம் போன்ற நெடிய பிரகாரம் ஒன்றை எண்ணிக்கொள்க. அதன் தளக்கற்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல், இடைவெளி இடைவிடாது விரிந்துகொண்டே இருக்கின்றன என்றும் கொள்க. சன்னிதியிலிருந்து 42 அடி தொலைவில் ஒரு தூணின் அருகே நிற்கும் அடியார் ஒருவர் சன்னிதி நோக்கி நடக்கத் தொடங்குகிறார். தொடக்கத்தில் விரிவு மிகக் கடுமையாக உள்ளது. அவர் ஓரடி வைப்பதற்குள் முன்னேயுள்ள தளம் பல அடி நீண்டுவிடுகிறது. 42 அடியாக இருந்த தொலைவு, நடக்க நடக்க ஆயிரக்கணக்கான அடிகளாகிறது. அவர் பின்னோக்கி ஓரடியும் வைக்கவில்லை. ஆயினும் சன்னிதி விலகிக்கொண்டே செல்கிறது. பின்னர் விரிவின் கடுமை தணிகிறது. அவர் நடை அதனை மெல்ல வெல்கிறது. இறுதியில் சன்னிதியை அடையும்போது அவர் எடுத்து வைத்த அடிகள் 13,800. திரும்பிப் பார்த்தால், புறப்பட்ட இடத்துத் தூணோ இப்போது 46,000 அடிக்கு அப்பால் நிற்கிறது. அவர் கடந்த தளமும் கடந்தபின் நீண்டுகொண்டே இருந்தது அன்றோ?

ஓரடிக்குப் பத்து லட்சம் ஒளியாண்டு என்று வைத்தால் இவையே அண்டத்தின் மெய்யளவுகளாகும். அந்த அடியார், காணக்கூடிய ஒளிகளில் மிகத் தொன்மையானது. அது புறப்பட்டபோது அவ்விடம் இங்கிருந்து 4 கோடியே 20 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில்தான் இருந்தது. நடந்த காலம் 1,380 கோடி ஆண்டுகள். அவ்விடம் இன்று நிற்கும் தொலைவு 4,600 கோடி ஒளியாண்டு. மூன்று எண்களும் மெய்யே. மூன்று வெவ்வேறு வினாக்களுக்கு விடைகள். தொலைவு எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. எப்போதைய தொலைவு என்றும் கேட்கவேண்டும். ஒளியின் வேகத்தை எதுவும் மீறவில்லையா என்பாரும் உளர். எந்தப் பொருளும் தளத்தின்மீது ஒளியை முந்தி ஓடவில்லை, தளமே விரிந்தது. விரிவுக்கு அத்தடை இல்லை.

அவ்வொளியை முதன்முதலில் கேட்டவர்கள், அதாவது வானொலி இரைச்சலாகப் பெற்றவர்கள், ஆர்னோ பென்சியாசு, இராபர்ட் வில்சன் என்னும் இருவர். 1964இல் அமெரிக்காவின் நியூ செர்சியில் கொம்பு வடிவான பெரிய அலைவாங்கியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தபோது, எத்திசையில் திருப்பினும் நீங்காத மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்டது. கோபுர மாடங்களில் போலவே அக்கொம்பினுள்ளும் புறாக்கள் குடியிருந்தன. அவற்றை விரட்டி, எச்சத்தைத் துடைத்தும் இரைச்சல் நீங்கவில்லை. அது புறாவினாலும் அன்று, நகரத்தினாலும் அன்று; அண்டம் தோன்றி ஏறத்தாழ 3 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள் ஆனபோது, அதுவரை அனல்மூட்டமாய் இருந்த வெளி தெளிந்து முதன்முதலாக வழிவிட்ட ஒளியே அது. அன்று அதன் வெப்பம் ஏறத்தாழ 3,000 பாகை. தளம் 1,100 மடங்கு நீண்டதால் ஒளியின் அலையும் அவ்வாறே நீண்டு, இன்று உறைபனியினும் 270 பாகை குளிர்ந்த நுண்ணலையாய் எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. 1978இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் நிலையம் இல்லாத அலைவரிசையில் வெண்புள்ளிகள் துள்ளுவதைப் பலரும் கண்டிருப்பர். அவற்றுள் ஒரு சிறு பங்கு இவ்வொளியே.

அதற்கு அப்பால் காண இயலாது. அப்பாலும் அண்டம் உண்டு. அங்கிருந்து புறப்பட்ட ஒளி இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவே.

அளவுகளும் முற்றத் தீர்ந்துவிடவில்லை. தொன்மை ஒளியைக்கொண்டு கணித்தால் விரிவின் வேகம், முப்பத்திரண்டரை லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கு நொடிக்கு 67 கிலோமீட்டர் என்று வருகிறது. இலீவிட் அம்மையார் காட்டிய செபீடுகளைப் படியாகக் கொண்டு அளந்தால் 73 என்று வருகிறது. 2022 முதல் பணியாற்றும் சேம்சு வெப் விண்தொலைநோக்கி செபீடுகளை மேலும் தெளிவாகக் கண்டபின்னும் 73 அசையவில்லை. அளவையில் இன்னும் ஒரு பிழை ஒளிந்துள்ளதா, அல்லது அறியாத இயற்கை விதி ஒன்று குறுக்கிடுகிறதா என்பதில் அறிஞரிடையே உடன்பாடு ஏற்படவில்லை. பாடே அமர்ந்திருந்த இருக்கையில் இன்று வேறு சிலர் அமர்ந்திருக்கின்றனர்.

அபிளும் பாடேயும் அளந்த ஆந்திரமேடாவை அன்பர்கள் கருவியின்றியே காணலாம். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் நிலவில்லாத இரவு, விளக்கொளி சேராத சிற்றூர் வெளி, இவ்விரண்டும் வேண்டும். முன்னிரவில் உச்சிக்கு அருகே நான்கு மீன்கள் பெரிய கட்டம்போல் நிற்கும்; அவற்றுள் மேற்கில் உள்ள இரண்டு பூரட்டாதி, கிழக்கில் உள்ள இரண்டு உத்திரட்டாதி. உத்திரட்டாதியின் வடக்கு மீனிலிருந்து வடகிழக்காகக் கண்ணைச் செலுத்தினால், திருநீற்றுத் துகளை ஊதியதுபோல் ஒரு மங்கலான திட்டு தென்படும். நேரே நோக்காமல் சற்றுப் பக்கவாட்டில் நோக்கினால் தெளிவாகத் தோன்றும். வெறுங்கண்ணுக்கு எளிதில் எட்டும் ஒளிகளுள் மிகத் தொன்மையானது அதுவே. 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அது புறப்பட்டபோது, இன்றைய மனித இனம் பூமியில் தோன்றியிருக்கவில்லை.